பாலை அளந்தவர்கள்

1930 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தின் லானார்க்‌ஷயர் பகுதியில் 67 பள்ளிகளைச் சேர்ந்த 20,000 பிள்ளைகளுக்கு எடையும் உயரமும் எடுத்தார்கள். அவர்களில் 10,000 பேருக்குப் பள்ளி நாட்களில் முக்கால் பைண்ட் பால் கொடுக்கப்பட்டது. நம் கணக்கில் 400 மில்லிக்குச் சற்று அதிகம். 5,000 பேருக்குப் பச்சைப் பால், 5,000 பேருக்குப் பாஸ்டர் முறையில் பதப்படுத்திய பால். மற்ற 10,000 பேருக்குப் பால் கிடையாது. ஜூன் மாதம் மறுபடி எடையும் உயரமும் எடுத்தார்கள். பால் குடித்த பிள்ளைகள் கூடுதலாக வளர்ந்திருக்கிறார்கள் என்று அறிக்கை வந்தது. அதுவரை உலகில் பாலை வைத்து இவ்வளவு பெரிய சோதனை நடந்ததில்லை.

மறு வருடமே அதைக் கேள்வி கேட்டு ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிவந்த வில்லியம் கோசெட். கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே நவீனப் புள்ளியியலுக்கு அடித்தளம் போட்டவர். அவர் கண்டுபிடித்த ஓட்டை எளிமையானது. யாருக்குப் பால், யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் போலத் தீர்மானிக்கத்தான் ஏற்பாடு. ஆனால் ஒரு பக்கம் நோஞ்சான் பிள்ளைகளும் இன்னொரு பக்கம் புஷ்டியான பிள்ளைகளும் சேர்ந்துவிட்டதாகத் தோன்றினால் ஆசிரியர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று அனுமதித்திருந்தார்கள். ஆசிரியர்கள் மனிதர்கள். வாடிய முகங்களைப் பார்த்தவர்கள் பாலை அந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறார்கள். தொடக்கத்திலேயே பால் பெறாத குழு உயரத்திலும் எடையிலும் முந்தி நின்றது. போதாக்குறைக்கு, பிள்ளைகளை உடுத்த உடையோடு எடை போட்டிருந்தார்கள். பிப்ரவரியில் கனத்த குளிர்கால உடுப்பு, ஜூனில் மெல்லிய உடுப்பு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது. மாற்றுத்துணிக்கு வழியில்லாத பிள்ளைக்கு அது சிறிது. ஆக, ஏழைப் பிள்ளை எடை கூடியதில் பாலின் பங்கு எவ்வளவு, துணியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாமல் போனது. ஒரே கருவில் பிறந்த 50 ஜோடி இரட்டையர்களை வைத்துச் செய்திருந்தால் இதைவிட நம்பகமான விடை, இதில் ஒரு சிறு பங்கு செலவிலேயே கிடைத்திருக்கும் என்று கோசெட் எழுதினார்.

பால் உடம்புக்கு என்ன செய்கிறது என்ற கேள்வி அன்று தொடங்கி இன்றுவரை இதே இடத்தில்தான் இடறுகிறது. பால் குடிப்பவர்களும் குடிக்காதவர்களும் பாலில் மட்டும் வேறுபடுவதில்லை. வருமானம், வயது, நோய், மற்ற உணவு, பிறப்பில் வந்த மரபணு என்று எல்லாமே கூடவே மாறுகின்றன. அதனால்தான் ஒரு வாரம் ‘பால் எலும்பைக் காக்கும்’ என்றும் மறு வாரம் ‘பால் எலும்பை முறிக்கும்’ என்றும் செய்தி வருகிறது. இந்தச் சத்தத்தில் இன்னொன்றும் நடக்கிறது. ஓங்கிப் பேசப்படும் பயங்களுக்கு ஆதாரம் மெலிவாக இருக்கிறது. ஆதாரம் வலுவாக இருக்கும் ஓரிரு தீங்குகளை யாரும் அதிகம் பேசுவதில்லை.

முதலில் வளர்ச்சியைப் பார்க்கலாம். லானார்க்‌ஷயருக்கு முன்பே, 1926இல், கோரி மான் என்ற மருத்துவர் லண்டனுக்கு அருகே ஒரு சிறுவர் இல்லத்தில் செய்த ஆய்வு வெளியாகியிருந்தது. வழக்கமான உணவை மட்டும் சாப்பிட்ட சிறுவர்கள் வருடத்துக்குச் சராசரியாக 4.7 செ.மீ. வளர்ந்தார்கள். அதோடு தினமும் ஒரு பைண்ட் பால் கூடுதலாகக் குடித்தவர்கள் 6.7 செ.மீ. வளர்ந்தார்கள். பிரிட்டனில் 1946இல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவசப் பால் தரும் சட்டம் வந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட ஆய்வுகள் இருந்தன. பிற்காலத்தில் பல நாட்டுச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு அடக்கமானது: தினமும் சுமார் 245 மில்லி பால் கூடுதலாகக் கொடுத்தால் வருடத்துக்கு 0.4 செ.மீ. அதிக வளர்ச்சி. ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடும் பிள்ளைக்கு இது பெரிய விஷயமில்லை. பருப்பும் முட்டையும் எட்டாத வீட்டில் வளரும் பிள்ளைக்கு இது பெரிய விஷயம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 3 கிராம் புரதமும் 120 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. சைவ உணவுக்காரர்களுக்குப் பி12 வைட்டமின் இயல்பாகக் கிடைக்கும் முக்கிய வழியும் பால்தான்.

ஆனால் அந்தப் பாலை எல்லா வயிறும் ஒரேமாதிரி ஏற்றுக்கொள்வதில்லை. பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைக் குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைப்பது சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் என்ற நொதி. தாய்ப்பால் குடிக்கும் வயதில் இது தாராளமாகச் சுரக்கும். பால்குடி மறந்த பிறகு உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு இந்தச் சுரப்பு குறைந்துவிடுகிறது. உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கிறது. அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று வாயுவை உண்டாக்குகின்றன. வயிறு உப்புசம், இரைச்சல், பேதி எல்லாம் இதன் விளைவுதான். இது நோய் இல்லை. பாலூட்டிகளின் இயல்பே இப்படித்தான். பெரியவர்களான பிறகும் லாக்டேஸ் சுரந்துகொண்டிருப்பதுதான் விதிவிலக்கு. ஐரோப்பியர்களிடம் அந்த விதிவிலக்குக்குக் காரணமான மரபணு மாற்றத்தைப் பின்லாந்து ஆய்வாளர்கள் 2002இல் அடையாளம் கண்டார்கள்.

இந்தியாவில் இந்தக் கதை வடக்கிலிருந்து தெற்கே வரும்போது மாறுகிறது. 1981இல் வெளியான ஓர் ஆய்வு டெல்லி, ஹைதராபாத், புதுச்சேரி ஆகிய ஊர்களில் ஆட்களுக்கு லாக்டோஸ் கொடுத்துச் சோதித்தது. டெல்லியில் 27.4 சதவீதம் பேருக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. தெற்கின் இரண்டு ஊர்களிலும் சேர்த்து 66.6 சதவீதம் பேருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பிற்கால மரபணு ஆய்வுகளும் இதற்குப் பொருந்தியே வந்தன. ஐரோப்பியர்களிடம் உள்ள அதே மரபணு மாற்றம் இந்தியாவின் வடமேற்கில் அதிகமாகவும் தெற்கிலும் கிழக்கிலும் வரவரக் குறைவாகவும் இருக்கிறது. இதில் ஒரு பெரிய விலக்கு நீலகிரியில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எருமை வளர்த்து அதன் பாலையும் மோரையும் நெய்யையும் நம்பி வாழ்ந்த தோடர்களிடம், சுற்றியுள்ள தென்னிந்தியச் சமூகங்களில் காணாத அளவுக்கு அந்த மாற்றம் பரவியிருக்கிறது. ஒரு மக்களின் தொழில் அவர்கள் குடலுக்குள் எப்படித் தடம் பதிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் தேடினாலும் கிடைக்காது.

அப்படியானால் தெற்கே மூன்றில் இரண்டு பேர் பாலை விட்டுவிட வேண்டுமா? இல்லை. சோதனையில் கொடுக்கும் லாக்டோஸ் ஒரே மூச்சில் வெறும் வயிற்றில் போகிறது. வீட்டில் யாரும் பாலை அப்படிக் குடிப்பதில்லை. 1995இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ‘பால் என்றாலே எனக்கு ஆகாது’ என்று உறுதியாகச் சொன்ன 30 பேரைக் கூட்டி, ஒரு வாரம் சாதாரணப் பாலும் இன்னொரு வாரம் லாக்டோஸை உடைத்த பாலும் தினமும் 240 மில்லி கொடுத்தார்கள். எது எந்தப் பால் என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாரங்களிலும் தொந்தரவு மிகச் சிறிதளவே இருந்தது; வித்தியாசமும் இல்லை. லாக்டேஸ் குறைந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு ஒரு தம்ளர் பாலைச் சிரமமில்லாமல் தாங்குகிறார்கள். சாப்பாட்டோடு சேர்ந்தால் இன்னும் எளிது. தயிருக்கு வந்தால் நிலைமை மேலும் இலகுவாகிறது. உறை ஊற்றிய பாலில் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. அவை கொண்டுவரும் நொதி நம் குடலுக்குள் போன பிறகும் வேலை செய்கிறது. லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதிகமாக வாழும் தென்னிந்தியாவில் தயிர்சாதமும் மோரும் தினசரிச் சாப்பாட்டில் வேரூன்றியிருப்பதை வெறும் ருசியால் மட்டும் விளக்கிவிட முடியாது என்று தோன்றுகிறது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமை வேறு, பால் ஒவ்வாமை வேறு. ஒவ்வாமை என்பது பாலின் புரதத்துக்கு எதிராக உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் கிளம்புவது. பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் வரும். வளர வளரப் பலருக்கு விலகிவிடும். தடிப்பு, வாந்தி, மூச்சுத்திணறல், சில சமயம் உயிராபத்துவரை போகக்கூடியது. அந்தக் குழந்தைக்குத் தயிரும் ஆகாது, ‘கொஞ்சமாக’க் கொடுத்துப் பழக்குவதும் வீட்டில் செய்யக்கூடாத வேலை. பால் குடித்தால் சளி கட்டும் என்ற நம்பிக்கை இந்த இரண்டிலும் சேராது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 60 பேருக்கு ஜலதோஷக் கிருமியைச் செலுத்தி, அவர்கள் குடித்த பாலையும் சிந்திய சளியையும் அளந்து பார்த்தார்கள். 1990இல் வந்த அந்த முடிவில் இரண்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. பால் எச்சிலோடு கலந்து தொண்டையில் கொஞ்ச நேரம் கெட்டியாகப் படிவதைத்தான் பலர் சளி என்று உணர்கிறார்கள்.

எலும்புக்கு வந்தால் விவாதம் சூடு பிடிக்கிறது. 2014இல் ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 61,433 பெண்களையும் 45,339 ஆண்களையும் நெடுங்காலம் தொடர்ந்து பார்த்த கணக்கை வெளியிட்டார்கள். தினமும் மூன்று தம்ளரோ அதற்கு மேலோ பால் குடித்த பெண்களிடம் இடுப்பு எலும்பு முறிவு, ஒரு தம்ளருக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட அதிகம். இறப்போ ஏறத்தாழ இரண்டு மடங்கு. தயிரும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டவர்களிடம் இந்தப் போக்கு தலைகீழாக இருந்தது. பாலின் கேலக்டோஸ் உடலில் அழற்சியைத் தூண்டுகிறதோ என்று அந்த ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். தங்கள் முடிவை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளவும் சொன்னார்கள். செய்தித் தலைப்புகளில் அந்த எச்சரிக்கை காணாமல் போனது. எலும்பு தேய்கிறது என்று பயந்தவர்கள் அதனாலேயே அதிகப் பால் குடித்திருக்கலாம். அப்போது பால் முறிவுக்குக் காரணமில்லை, பலவீனத்துக்கு அடையாளம். லானார்க்‌ஷயர் ஆசிரியர்களிடமிருந்து எண்பது வருடத்துக்கு மேல் தள்ளி வந்தும் அதே சிக்கல்.

அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமானால் யாருக்குப் பால் என்பதைக் குலுக்கலிடம் விட வேண்டும். ஆஸ்திரேலியாவில் அப்படி நடந்த ஒரு சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. 60 முதியோர் இல்லங்கள், 7,195 பேர், சராசரி வயது 86. அங்கே தினசரிக் கால்சியம் 700 மில்லிகிராம்தான் கிடைத்துக்கொண்டிருந்தது. பாதி இல்லங்களில் பாலையும் தயிரையும் பாலாடைக்கட்டியையும் கூட்டி அதை 1,142 மில்லிகிராமாக உயர்த்தினார்கள்; புரதமும் உயர்ந்தது. இரண்டு வருடங்களில் அந்த இல்லங்களில் எலும்பு முறிவு 33 சதவீதமும் இடுப்பு முறிவு 46 சதவீதமும் குறைவாக இருந்தது. கீழே விழுவதுகூட 11 சதவீதம் குறைந்தது. இந்த ஆய்வு சொல்வதை அதன் எல்லைக்குள் வைத்துப் படிக்க வேண்டும். சத்துக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த முதியவர்களுக்குப் பால் உதவியது. நடுவயதில் நன்றாகச் சாப்பிடும் ஒருவர் மூன்றாவது தம்ளரைக் குடித்தால் எலும்பு இன்னும் இறுகும் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. தமிழ்நாட்டு வீடுகளில் இரவுச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு இரண்டு இட்லியோடு முடித்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கு, ஸ்வீடன் ஆய்வைவிட இந்த ஆஸ்திரேலிய ஆய்வுதான் நெருக்கமானது.

இதயத்தைப் பற்றிய பயம் பாலின் கொழுப்பிலிருந்து வருகிறது. சென்னை உட்பட 21 நாடுகளின் ஊர்களில் 1,36,384 பேரைத் தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வு 2018இல் சொன்னது வேறு: பால் பொருட்களை அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் இதய நோயும் குறைவு. வசதி உள்ளவர்களே அதிகம் பால் வாங்கியிருப்பார்கள் என்ற ஐயம் இங்கேயும் உண்டு. டென்மார்க்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரிடம் லாக்டேஸ் மரபணுவையே வைத்துப் பார்த்தார்கள். பிறப்பிலேயே பாலைத் தாங்குபவர்கள் அதிகம் குடிப்பார்கள், அந்த மரபணுவை யாரும் வருமானம் பார்த்து வாங்குவதில்லை என்பது தர்க்கம். மாரடைப்பிலோ நீரிழிவிலோ நன்மையும் தெரியவில்லை, தீமையும் தெரியவில்லை. புற்றுநோயில் படம் இரண்டு பக்கமும் போகிறது. பிரிட்டனில் 5,42,778 பெண்களைப் பார்த்த 2025ஆம் வருட ஆய்வில், தினமும் 300 மில்லிகிராம் கால்சியம் கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் 17 சதவீதம் குறைவு. அது ஒரு பெரிய தம்ளர் பாலில் இருக்கும் அளவு. ஆண்களின் ப்ராஸ்டேட் புற்றுநோயோடு பாலுக்குச் சிறு தொடர்பு இருக்கலாம் என்று வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆதாரம் இன்னும் வலுப்படவில்லை.

ஏ1, ஏ2 விவகாரத்துக்கு இவ்வளவு இடம்கூடத் தேவையில்லை. ஆனால் அதற்காகக் குடும்பங்கள் கூடுதல் விலை கொடுப்பதால் சொல்லியாக வேண்டும். பாலின் பீட்டா கேசின் புரதத்தில் 209 அமினோ அமிலங்கள். அதில் 67ஆவது இடத்தில் ஒன்று மாறியிருந்தால் ஏ1, மாறாதிருந்தால் ஏ2. ஏ1 செரிக்கும்போது பிசிஎம்-7 என்ற சிறு துண்டு உண்டாகிறது. அதுதான் பல நோய்களுக்குக் காரணம் என்பது குற்றச்சாட்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆதாரங்களைத் திரட்டிப் பார்த்து, நோய்க்கும் இதற்கும் காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்றது. வயிற்று அசௌகரியத்தில் வித்தியாசம் கண்ட சில சிறு சோதனைகள் உண்டு. அதில் பேர்பெற்ற ஒன்று ஏ2 பால் விற்கும் நிறுவனத்தின் நிதியில் நடந்தது. இந்திய நாட்டு மாடுகளின் பாலும் எருமைப்பாலும் பெரும்பாலும் ஏ2தான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் பாக்கெட்டுகளிலிருந்து ஏ1, ஏ2 வாசகங்களை எடுக்கச் சொன்னது; சில நாட்களிலேயே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. வாங்குபவர்களைக் காப்பாற்ற வந்த ஓர் உத்தரவு அப்படிப் பின்வாங்கியது வருத்தத்துக்குரியது.

சத்தமில்லாத தீங்குகளில் முதலாவது கைக்குழந்தைகளைச் சேர்ந்தது. ஒரு லிட்டர் பசும்பாலில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம் அளவுதான். தாய்ப்பாலிலும் அதிகம் இல்லை, ஆனால் அதில் இருப்பதைக் குழந்தையின் குடல் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. பசும்பாலின் கால்சியமும் கேசினும் மற்ற உணவின் இரும்பையும் உறிஞ்சவிடாமல் தடுக்கின்றன. ஒரு வயதுக்குள் பசும்பால் குடிக்கும் குழந்தைகளில் கணிசமானோருக்குக் கண்ணுக்குத் தெரியாத அளவில் குடலில் ரத்தம் கசிகிறது. தாய்ப்பாலைவிட மூன்று மடங்கு புரதமும் அதிக உப்புகளும் இருப்பதால் சிறுநீரகத்துக்கும் பளு. பேதி வரும் நாளில் இந்தப் பளு நீரிழப்பை மோசமாக்கும். ஒரு வயதுக்கு முன் பசும்பாலைக் குடிபானமாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதற்கு இவைதான் காரணங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023இல் கொஞ்சம் இளக்கியது: தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்கு 6 மாதம் முடிந்த பிறகு காய்ச்சிய விலங்குப் பாலைக் கொடுக்கலாம் என்றது. டப்பா பால் வாங்க முடியாத வீடுகளை மனதில் வைத்த முடிவு அது. கூடவே இரும்புச்சத்துள்ள உணவும் வேண்டும். 6 மாதத்துக்குள் கொடுப்பதற்கு இரண்டு தரப்பிலும் இடமில்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து பாலாடையில் புகட்டும் வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை.

ஒரு வயது தாண்டியும் இந்தக் கண்ணி தொடர்கிறது. சோறு வேண்டாம் என்று முகம் திருப்பும் குழந்தைக்கு அம்மாக்கள் இன்னொரு பாட்டில் பால் கொடுத்து மனதை ஆற்றிக்கொள்கிறார்கள். பால் வயிற்றை நிரப்பிவிடுவதால் அடுத்த வேளையும் குழந்தை சாப்பிடாது. கீரையும் பருப்பும் முட்டையும் உள்ளே போகாமல் இரும்புச்சத்து வற்றுகிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 6 மாதம் முதல் 5 வயதுவரையுள்ள இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 57 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. காரணங்கள் பல, பால் அவற்றில் ஒன்றுதான். ஆனால் ஒரு பைசா செலவில்லாமல் சரிசெய்யக்கூடியது அது. ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம் என்ற ஒரு வரியைத் தடுப்பூசி போட வரும் தாய்மார்களிடம் சொன்னால் போதும்.

இரண்டாவது தீங்கு மாட்டின் தொட்டியில் தொடங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. எல்லோரும் பயப்படும் கலப்படம் 12 மாதிரிகளில்தான் இருந்தது. அஃப்லடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு 368 மாதிரிகளில் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் எண்ணிக்கை மிக அதிகம் தமிழ்நாட்டில்: 551 மாதிரிகளில் 88. ஏறத்தாழ ஆறு மாதிரிகளில் ஒன்று. டெல்லியும் கேரளமும் அதற்கு அடுத்து.

ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கிலும் பருத்திக்கொட்டையிலும் மக்காச்சோளத்திலும் ஒரு வகைப் பூஞ்சை வளர்ந்து அஃப்லடாக்சின் பி1 என்ற நச்சைக் கக்குகிறது. மனிதருக்குக் கல்லீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட நச்சு அது. மாடு அதைத் தின்றால் அதில் ஒரு சிறு பங்கு எம்1 ஆக மாறிப் பாலில் இறங்குகிறது. பி1 அளவுக்கு வீரியம் இல்லை என்றாலும் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. காசநோய்க் கிருமியையும் புருசெல்லா கிருமியையும் பாஸ்டர் முறையும் வீட்டு அடுப்பும் கொன்றுவிடும். இந்த நச்சை எத்தனை முறை பொங்கக் காய்ச்சினாலும் போகாது. பால் பவுடர் ஆக்கினாலும் தயிராக்கினாலும் தங்கியிருக்கும். இந்தியாவில் ஒரு கிலோ பாலுக்கு 0.5 மைக்ரோகிராம்வரை அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான். பெரியவர்களுக்குப் பால் பல உணவுகளில் ஒன்று. இரண்டு வயதுக் குழந்தைக்கு அதுவே பாதி உணவு, உடலும் சிறியது. அளவைக் கணக்கிடும்போது அந்தக் குழந்தையைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும்.

இதில் நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. பூஞ்சை பிடித்த தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களிலேயே பாலிலிருந்து எம்1 மறைந்துவிடுகிறது. மாட்டுக்கு மருந்து வேண்டாம், பாலைக் கொட்ட வேண்டாம். தீவனத்தை மாற்றினால் போதும். கலப்புத் தீவனத்தில் பி1 ஒரு கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் இரண்டு மாடு வைத்திருப்பவர் மழைக்காலத்தில் வாங்கிப்போடும் புண்ணாக்கு மூட்டையை யாரும் சோதிப்பதில்லை. அது தரையில் கிடந்து ஈரம் ஏறுகிறது. கூட்டுறவுச் சங்கத்தில் காலையும் மாலையும் பால் ஊற்றும்போது கொழுப்பும் மற்ற திடப்பொருட்களும் அளந்து பணம் கணக்கிடுகிறார்கள். அதே சங்கங்களில் வாரம் ஒருமுறையாவது மொத்தப் பாலில் எம்1 சோதனைப் பட்டை ஒன்றை முக்கிப் பார்க்கவும், மிஞ்சியிருந்தால் எந்தத் தெருவில் எந்தக் கடைத் தீவனம் என்று தேடிப்போகவும் ஆட்கள் வேண்டும். மூட்டைகளை மண்தரையிலிருந்து தூக்கி வைக்கப் பலகையும், ஈரமில்லாத ஒரு கொட்டகையும் வேண்டும்.